பெட்டியில் 3200, ஓட்டத்தில் 2133

சென்னை ரிச்சி தெருவில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, பாகம் பாகமாக விலை பேசி, ஒரு கடையில் வைத்தே பூட்டிக் கொண்டுவந்த கேமிங் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். பட்ஜெட் இடித்ததால் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. புராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் வைத்திருக்கும் ரைசன் 5 5600ஜி. எட்டு ஜிபி ரேம் இரண்டு. ரேம் அட்டையில் கொட்டை எழுத்தில் 3200 என்றிருக்கிறது. வீட்டுக்கு வந்து விண்டோஸ் ஏற்றி, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஸ்பீடு என்ற இடத்தில் 2133.

இது அபூர்வம் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் வீட்டில் வருடக்கணக்காகக்கூட இப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. ரேமும் போலி இல்லை. காசு கொடுத்த வேகம் ரேமுக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. யாரும் போய்த் திறந்துவிடவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அட்டவணையில் டிடிஆர்4-இன் ஆரம்ப வேகங்களில் ஒன்று 2133, மின்னழுத்தம் 1.2 வோல்ட். எந்த மதர்போர்டில் செருகினாலும் அடம்பிடிக்காமல் கிளம்பும் வேகம் அது. ரேமைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனம், 'இதே சில்லு 1.35 வோல்ட் கொடுத்தால் 3200-இல் ஓடும்' என்று சோதித்துப் பார்த்து, அந்த எண்களை ரேமிலேயே இருக்கும் எஸ்பிடி என்ற குட்டிச் சில்லில் எழுதி வைக்கிறது. இந்த எழுத்துக்குப் பெயர் எக்ஸ்எம்பி. டிடிஆர்3 வந்த காலத்தில், 2007-இல், இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு. ஏஎம்டி தன் பங்குக்கு 2022-இல் ரைசன் 7000 வரிசையோடு, டிடிஆர்5 ரேமுக்காக, எக்ஸ்போ என்ற பெயரில் இதையே செய்தது. ஏஎம்டிக்கான சில மதர்போர்டுகளில் டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்றெல்லாம் பெயர் மாறியிருக்கும். சங்கதி ஒன்றுதான்: கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய், அந்த ஒற்றை வரியை இயக்கி, சேமித்துவிட்டு வெளியே வர வேண்டும்.

ரேம் ஓவர்கிளாக்கிங்கில் கிடைக்கும் லாபத்தின் பெரும்பகுதி இந்த ஒரு நிமிட வேலையில் வந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் பொறுமைசாலிகளுக்கான விளையாட்டு.

அந்த 3200 என்ற எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சிபியு-இசட் போன்ற மென்பொருளில் பார்த்தால் 1600 என்று காட்டும். பாதி வேகம் போய்விட்டதென்று பலர் பதறுவது இங்கேதான். தாளம் போடும் கையை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். தட்டும்போது ஒரு தரவு, திருப்பி வீசும்போது ஒரு தரவு. டிடிஆர் என்ற பெயரிலேயே இருக்கும் 'இரட்டை' இதைத்தான் சொல்கிறது. நொடிக்கு 160 கோடித் தட்டு, 320 கோடி முறை தரவு. கணக்கு சரியாகவே இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் எட்டு பைட் போகிறது என்பதால் 3200-இல் ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு ரேமை இரண்டு சேனலில் போட்டால் 51.2 ஜிபி. அதே இரண்டு ரேம் 2133-இல் ஓடினால் 34 ஜிபிதான். 'பதினாறு ஜிபி ஒன்றாகவே போட்டுவிடலாம், பின்னாடி இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்' என்று ஒற்றை ரேம் வாங்கியவருக்கு 2133-இல் கிடைப்பது வெறும் 17 ஜிபி. எளிய விலையில் கிடைத்துவந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் ஜிடிடிஆர்5 வகைக்குக்கூடச் சொந்தமாக 128 ஜிபி வேகமுள்ள நினைவகம் உண்டு. 5600ஜி-யின் உள் கிராபிக்ஸுக்கு அப்படிச் சொந்த நினைவகம் எதுவும் இல்லை. புராசசரோடு ஒரே குழாயில் பங்கு போட்டுத் தண்ணீர் பிடிக்கிறது. அதனால்தான் தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு ரேம் வேகம் உயிர்நாடி.

தனி கார்டு இருப்பவர் கதை வேறு. வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றைக் குறைந்த அமைப்பில் அதிக ஃபிரேமுக்காக ஆடும்போது, புராசசர் மூச்சு வாங்கும் இடங்களில் வேகமான ரேம் கைகொடுக்கும். திடீர் திக்கல்கள் குறையும். காட்சியழகை முழுக்க ஏற்றிவைத்து ஆடுகிறவருக்கு, கார்டே திணறிக்கொண்டிருக்கும்போது ரேமை எவ்வளவு முடுக்கினாலும் வித்தியாசம் தெரியாது. அவர் இந்தக் கட்டுரையை எக்ஸ்எம்பியோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும்: சிஎல்16, சிஎல்18, சிஎல்22. ஒரு தரவைக் கேட்ட பிறகு எத்தனை தட்டு காத்திருக்க வேண்டும் என்பது அது. வெறும் எண்ணை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் நானோ நொடியில் விடை வரும். 3200 சிஎல்16 என்றால் 10 நானோ நொடி. 3600 சிஎல்18 என்றாலும் அதே 10. ஆனால் ஒரே நேரத்தில் அள்ளிவரும் தரவு அதிகம். கடையில் 'இதுவும் 3200தான் சார்' என்று கொடுக்கப்படும் மொட்டைப் பச்சை ரேம் பெரும்பாலும் சிஎல்22, காத்திருப்பு 13.75 நானோ நொடி. அதில் எக்ஸ்எம்பி எழுத்தே இல்லாமலும் இருக்கலாம். விலை வித்தியாசம் சின்னது என்றால் சிஎல்16 கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

மதர்போர்டு விட்டால்தானே

எல்லா மதர்போர்டும் இதற்கு இடம் கொடுக்காது. பட்ஜெட்காரர்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். இன்டெல் பக்கத்தில் நெடுங்காலம் இசட் வரிசைப் போர்டுகளுக்கு மட்டுமே ரேம் ஓவர்கிளாக்கிங் அனுமதி. பி460 போர்டில் ஐ5-10400 போட்டவர் 3600 ரேமே வாங்கி மாட்டினாலும் அது 2666-க்கு மேல் நகராது. 2021-இல் வந்த பி560 முதல்தான் நடுத்தர போர்டுகளுக்கு அந்தக் கதவு திறந்தது. எச்510, எச்610 போர்டுகளுக்கு அப்போதும் திறக்கவில்லை. ஏஎம்டி இந்த விஷயத்தில் தாராளம்: ஏ520 போர்டில் புராசசர் வேகத்தை ஏற்ற முடியாது, ஆனால் ரேம் வேகத்தை ஏற்றலாம். பி450, பி550 போர்டுகளில் இரண்டும் உண்டு. ஆக, வேகமான ரேமுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கும் முன் போர்டின் பெயரைப் பார்ப்பது முதல் வேலை.

எந்த ஸ்லாட்டில் செருகுவது என்பதற்கும் கணக்கு உண்டு. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாகப் புராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும். கடையில் அவசரத்தில் பூட்டும்போது இந்தத் தவறு நேர்வதுண்டு. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இதெல்லாம் இப்போது ஏன் கூடுதலாகப் பேசப்படுகிறது என்றால், விலை. 2025-இன் பிற்பாதியில் ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ள, கடைகளில் ரேம் விலை மளமளவென ஏறியது. அந்த டிசம்பரில், பட்ஜெட் ரேமுக்குப் பேர்போன தன் க்ரூஷியல் பிராண்டைச் சில்லறைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வதாக மைக்ரான் அறிவித்தது. புது ரேம் வாங்குவது கையைக் கடிக்கும் நேரத்தில், இருக்கிற ரேமிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்க முடியுமா என்ற கேள்வி வருவது இயல்பு. இந்த ஆசைக்குப் பழைய வரலாறும் உண்டு. 1998-இல் இன்டெலின் மலிவான செலரான் 300ஏ புராசசரின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்குத் தூக்கி, 300 மெகாஹெர்ட்ஸ் சில்லை 450-இல் ஓட்டிப் பார்த்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ஓவர்கிளாக்கிங் என்பதே காசு குறைவானவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழிதான். திரவ நைட்ரஜன் ஊற்றி டிடிஆர்5 ரேமை 12,000-க்கு மேல் ஓட்டிக் காட்டும் சாதனையாளர்கள் கூட்டம் தனி.

ஆயிரம் ரூபாய் 2024 ரூபாயாக

ஓவர்கிளாக் என்றதும் புகை வரும், வெடிக்கும் என்றுதான் வீட்டில் பயப்படுவார்கள். ரேம் விஷயத்தில் அந்தப் பயம் இடம் மாறிய பயம். உண்மையான ஆபத்து சத்தமே போடாது.

ரேமுக்குள் இருப்பது அடிப்படையில் ஓட்டைக் குடங்கள். ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. நிறைத்து வைத்தால் 1, காலியாக இருந்தால் 0. நிறைத்த மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், 64 மில்லி நொடிக்குள் எல்லாக் குடத்தையும் ஒருமுறை பார்த்து மறுபடி நிறைக்க வேண்டும். எட்டு ஜிபி ரேம் ஒன்றில் இப்படி 6,871 கோடிக்கும் மேல் குடங்கள். வேகத்தை ஏற்றுவது என்றால் ஒவ்வொரு குடத்தையும் நிறைக்கவும் பார்க்கவும் கொடுக்கும் அவகாசத்தைக் குறைப்பது. அளவு மீறினால் ஏதோ ஒரு குடத்தை இயந்திரம் தப்பாகப் படித்துவிடும்.

ஒரே ஒரு பிட்தானே என்று விட முடியாது. கணக்குக் கோப்பில் இருக்கும் 1000 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கு அது 512, 256, 128, 64, 32, 8 ஆகியவற்றின் கூட்டு. அதற்கு அடுத்த இடமான 1024 காலி. அந்தக் காலியிடம் தவறுதலாக 1 ஆனால், ஆயிரம் ரூபாய் 2024 ரூபாயாகிவிடும். நீலத்திரை வராது, எச்சரிக்கை வராது. சேமி என்று அழுத்தினால் தவறான எண் டிஸ்க்கில் போய் உட்காரும். புகைப்படத்தில் நடுவில் சாம்பல் பட்டை விழுவது, ஜிப் கோப்பு திறக்க மறுப்பது, விண்டோஸ் அப்டேட் காரணமே இல்லாமல் தோற்றுக்கொண்டே இருப்பது என்று பல வேஷத்தில் இது வரும். கேம் மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அதிர்ஷ்டம். பிழை தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். டிடிஆர்5 சில்லுக்குள் பிழைதிருத்தம் உண்டு என்றாலும், அது சில்லுக்குள் நேரும் பிழைக்கு மட்டும்தான். சில்லுக்கும் புராசசருக்கும் நடுவே வழியில் நேரும் பிழை அதன் கண்ணில் படாது.

ஆகவே, பாதுகாப்பான ஓவர்கிளாக்கிங்கில் வேகம் ஏற்றுவது ஐந்து நிமிடம், சோதிப்பது ஐந்து மணி நேரம். இந்த விகிதத்துக்குப் பொறுமை இல்லாதவர் தொடாமல் இருப்பதே நல்லது. கல்லூரி புராஜெக்டும் கடைக்கணக்கும் கல்யாண ஆல்பமும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால், வேறு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பயாஸுக்குள் காலடி வைக்க வேண்டும்.

படிப்படியாக

நம் 5600ஜி கம்ப்யூட்டருக்கே திரும்புவோம். எக்ஸ்எம்பி இயக்கியாகிவிட்டது, 3200, 16-18-18-38 (சிஎல் எண்ணில் தொடங்கும் டைமிங் எண்கள்), 1.35 வோல்ட். அந்தப் பயாஸ் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எங்கே மாற்றினோம் என்று தெரியாமல் முழிக்கும்போது அதுதான் கைவிளக்கு.

சேமித்து வெளியே வந்ததும் நேரே விண்டோஸுக்குள் போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. விண்டோஸ் கிளம்பும்போதே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். ரேம் தப்பாகச் சொன்னால் அதுவும் தப்பாகவே எழுதும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்ப வேண்டும். ரேமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் படித்து எழுதிப் படித்துப் பார்க்கும். பிழை இருந்தால் சிவப்பில் காட்டும். இரவு ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் பிழைகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்றிருந்தால் அடுத்த கட்டம். ஒன்று என்றிருந்தாலும் தோல்விதான். 'ஒண்ணுதானே' என்ற சமாதானத்துக்கு இதில் இடமில்லை.

பெட்டியில் போட்ட வேகத்திலேயே பிழை வந்தால்? அது வாங்கியவர் குற்றம் இல்லை. ரேமைக் கழற்றித் தூசி தட்டி மறுபடி செருகி, ஒவ்வொன்றாகத் தனியே சோதித்து, அப்போதும் வந்தால் கடையில் மாற்றிக் கேட்க வேண்டியதுதான்.

பூஜ்யம் வந்தவர் மேலே ஏறலாம். 3200-இலிருந்து 3333, பிறகு 3466, பிறகு 3600. ஒரே தாவலில் அல்ல. ஏறும்போது டைமிங்கைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும்: 18-22-22-42 போல. வோல்டேஜை 1.35-லேயே வைத்துப் பார்ப்பது நல்லது. டிடிஆர்4 தரநூல் சில்லுக்குக் குறிக்கும் உச்ச வரம்பே 1.5 வோல்ட்தான், காற்றோட்டம் சுமாரான பட்ஜெட் கேபினட்டில், தகடு கூட இல்லாத ரேமுக்கு 1.4-ஐத் தாண்டுவதால் கிடைப்பது சூடுதான். 3600-ஐ எட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்குக் காரணமும் உண்டு. ரைசனுக்குள் பாகங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமின் தாளத்தோடு ஒத்து ஓடும்போதுதான் காத்திருப்பு குறைவு. 3600 ரேமுக்கு அது 1800 மெகாஹெர்ட்ஸ். அதற்கு மேல் போய்த் தாளம் இரண்டாகப் பிரிந்தால், எண் கூடும், கேம் மெதுவாகும். 2019-இல் ரைசன் 3000 வந்தபோது ஏஎம்டியே விலைக்கேற்ற தேர்வாக முன்வைத்த வேகம் 3600.

நடுவில் திரை கறுப்பாகி, விசிறி சுற்றி நின்று சுற்றி நின்று கண்ணாமூச்சி காட்டும். உடனே பவர் பட்டனை அழுத்த வேண்டாம். மதர்போர்டு புது வேகத்தில் ரேமோடு பேசிப் பழகிக்கொண்டிருக்கிறது. சில முறை முயன்று முடியாவிட்டால் பெரும்பாலான போர்டுகள் தாமாகவே பழைய 2133-க்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் விட்டுப் போட்டால் பயாஸ் பிறந்த நாள் நிலைக்கு வந்துவிடும். கிளியர் சிமாஸ் என்று எழுதிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நொடி தொட்டாலும் அதே பலன்.

யூடியூப் வீடியோவில் யாரோ போட்ட எண்களை அப்படியே அடிப்பது சுத்த மடத்தனம். உலகில் ரேம் சில்லு செய்பவர்களில் பெரியவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என மூவர். அவர்கள் சில்லைத்தான் பல பிராண்டுகள் தங்கள் பெயரில் விற்கின்றன. சாம்சங்கின் பி-டை சில்லு டைமிங்கை இறுக்குவதற்குப் பேர்போனது. மைக்ரானின் இ-டை, பட்ஜெட்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. அது வந்த பாலிஸ்டிக்ஸ் வரிசையை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். ஒரே பிராண்டு, ஒரே பெட்டி, ஒரே 3200. ஆனால் போன வருடம் வந்ததில் ஒரு சில்லு, இந்த வருடம் வந்ததில் வேறு சில்லு என்பது சகஜம். பக்கத்து வீட்டுக்காரர் ரேம் 3800 தொட்டது என்பதற்காக நம்முடையது தொட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மெம்டெஸ்ட் தேறிய பிறகுதான் விண்டோஸ். அங்கே டெஸ்ட்மெம்5, அதன் பின் பிரைம்95. பிரைம்95 அடிப்படையில் மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள். தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் குணம் இருப்பதால் ஓவர்கிளாக்காரர்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். இதில் புராசசரும் சேர்ந்து சூடாகும் என்பதால் ரேமைத் தனியாகச் சோதித்தபோது ஒளிந்திருந்த பிழைகள் வெளியே வரும். கடைசியாகத்தான் கேம்.

புகை வந்த கதை ஒன்றும் இருக்கிறது; சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி புராசசர்கள் சில, சாக்கெட்டோடு கருகிய படங்கள் உலகெங்கும் பரவின. எக்ஸ்போவை இயக்கியதும் சில மதர்போர்டுகள் புராசசரின் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே எக்கச்சக்கமாக ஏற்றியது அதில் முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. ஏஎம்டி புது பயாஸ் மூலம் அதற்கு 1.3 வோல்ட் என்று உச்ச வரம்பு போட்டது. அந்த வரிசை கம்ப்யூட்டர் வைத்திருந்து இன்னும் பயாஸ் புதுப்பிக்காதவர் ரேமைத் தொடும் முன் செய்ய வேண்டியது அதுதான். புதுப்பிக்கும்போது யுபிஎஸ் கட்டாயம். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே போகலாம். நம் 5600ஜி போன்ற பழைய ஏஎம்4 வரிசையிலும், 'ஆட்டோ' என்று விட்ட எஸ்ஓசி வோல்டேஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, 1.1 வோல்ட் அளவில் கையால் பிடித்து வைப்பது நல்ல பழக்கம். தன் அளவுக்கு மேல் ஓட்டிக் கெட்டால் வாரண்டி கிடையாது என்று ஏஎம்டி எழுதியே வைத்திருக்கிறது; எக்ஸ்போவும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை பாக்கி. சூடு ஏற ஏற அந்த ஓட்டைக் குடங்கள் வேகமாக ஒழுகும். 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிறைக்க வேண்டும் என்று தரநூலே சொல்கிறது. மார்கழி ராத்திரியில் தேறிய 3600, கத்திரி வெயில் மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாத மாடி அறையில், கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைத்த நிலையில் தேறும் என்ற உத்தரவாதம் இல்லை. குளிர்காலத்தில் அமைத்தவர் மே மாதத்தில் ஒருமுறை பென் டிரைவைச் செருகி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சிவப்பு வரி வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். 3600-க்கும் 3466-க்கும் உள்ள வித்தியாசம் கேமில் கண்ணுக்குத் தெரியாது.

பழகியவர்கள் சிலர் கேபினட்டின் பக்கக் கதவுக்கு உட்புறம் செலோடேப் போட்டு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். மேலே 3600, 18-22-22-42, 1.35 என்று எழுதி, பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்திருக்கும். அதற்குக் கீழே 3466. பக்கத்தில் மே மாதத் தேதி ஒன்று.